சம்பாவில் யூரியாவைக் குறைத்தால் புகையான் குறையுமா? வடிகால் விழும் குளமும் பச்சையாகிவிட்டது

பாமணிக்கரை (கேள்வி):

வணக்கம். மன்னார்குடி வட்டாரம், கனத்த களிமண். மூன்று ஏக்கர் ஒருபோகச் சம்பா, சி.ஆர். 1009 சப் 1 ரகம். போர்வெல் உள்ள இன்னொரு ஏக்கரில் மட்டும் குறுவை ஏடிடி 43, பிறகு தாளடி.

சம்பாவில் ஏக்கருக்கு இப்போது போவது: அடியுரமாக டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த உரம்) ஒரு மூட்டை, அதன்பின் யூரியா நான்கு மூட்டை. அந்த நான்கில் இரண்டு நட்ட 20 நாளுக்குள் போய்விடும். பொட்டாஷ் 15 கிலோதான். முதல் யூரியாவோடு ஃபிப்ரோனில் குருணை கலந்து வீசுகிறோம். நட்ட 35ஆம் நாள் வாக்கில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு லாம்ப்டா சைஹலோத்ரின் ஒரு தெளிப்பு. கார்த்திகையில் பயிர் கரும்பச்சையாக மூடி நிற்கும்போது சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி இறங்கி வட்டம் வட்டமாகக் கருக்குகிறது. அதற்கு மறுபடி இரண்டு மூன்று தெளிப்பு.

வயல் வடிகால் ஊர்க்குளத்தில் விழுகிறது. தண்ணீர் பச்சைக் குழம்பாக இருக்கிறது, ஒரு ஓரம் முழுக்க ஆகாயத்தாமரை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன.

விளைச்சல் விழாமல் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்? புகையானுக்கும் யூரியாவுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? காய்ச்சலும் பாய்ச்சலுமாக (காயவிட்டு, மறுபடி பாய்ச்சி) நீர் கட்டினால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் குறையும் என்கிறார்கள், மழைக்காலச் சம்பாவில் அது நடக்குமா? குடிநீர்க் கிணற்றில் நைட்ரேட் ஏறியிருக்க வாய்ப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

களிமண்:

முதலில் கணக்கைப் பார்ப்போம். யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. நான்கு மூட்டைக்கு 83 கிலோ. டிஏபி 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 23 கிலோ. ஆக ஏக்கருக்கு 92 கிலோ தழைச்சத்து போடுகிறீர்கள். மத்திய, நீண்டகால ரகங்களுக்கான பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல் சத்து முறையே எக்டருக்கு 150:50:50 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60:20:20. தழைச்சத்து 32 கிலோ கூடுதல், பொட்டாஷ் உரமாக 33 கிலோ வேண்டிய இடத்தில் நீங்கள் போடுவது பாதிக்கும் கீழே. மூன்று ஏக்கருக்குச் சேர்த்தால் 200 கிலோவுக்கு மேல் யூரியா வீணாகப் போகிறது. நெல் வயலில் வீசும் தழைச்சத்தில் பயிர் எடுப்பதே 30 முதல் 40 சதவீதம். மிச்சம் காற்றிலும் வடிகாலிலும் கலக்கிறது.

மண் பரிசோதனை முடிவு கையில் வரும்வரை இப்படிப் போடுங்கள். ஏக்கருக்கு டிஏபி 43 கிலோ, யூரியா 115 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ. டிஏபி முழுவதும் கடைசி உழவில். யூரியாவில் 16 கிலோ மட்டும் அடியுரம், ஏனென்றால் டிஏபியிலேயே 8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. மீதியை 33, 33, 33 கிலோவாகத் தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது. ஒவ்வொரு முறையும் பொட்டாஷ் 8 கிலோ கூடவே போகட்டும். சி.ஆர். 1009க்கு 160 நாள் வயது. 30 முதல் 35 நாள் நாற்றாக நட்டிருந்தால் தூர் உரம் நட்ட 25, 30 நாளிலும், கதிர் உருவாகும் உரம் 60, 65 நாளிலும் வரும். நட்ட 20 நாளுக்குள் இரண்டு மூட்டையைக் கொட்டும்போது அதை உறிஞ்சப் போதிய வேர் இல்லை.

யூரியா மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பொட்டாஷ் அதைவிடப் பல மடங்கு விலை. கை தானாக யூரியாவுக்குப் போவது இதனால்தான். ஆனால் பொட்டாஷ் குறைந்து தழைச்சத்து மிஞ்சிய பயிர் சாயும், பூச்சியும் நோயும் எளிதில் பிடிக்கும்.

எப்படி வீசுகிறீர்கள் என்பதும் அளவுக்குச் சமமாக முக்கியம். பாசி பிடித்த தேங்கு நீரில் நண்பகலில் கார அமிலத்தன்மை (பிஎச்) 9ஐத் தொடும், ஏனென்றால் பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்துவிடுகிறது. அந்த நீரில் விழும் யூரியா அம்மோனியாவாகப் பறந்துவிடும். ஆகவே மாலையில், தண்ணீரைச் சேறு தெரியும் அளவுக்குக் குறைத்துவிட்டு வீசுங்கள், மறுநாள் நீர் கட்டுங்கள். வீசுவதற்கு முதல்நாள் இரவு 5 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு தூளாக்கிய வேப்பம்புண்ணாக்கு கலந்து வைக்கலாம். 5 யூரியா, 4 ஜிப்சம், 1 வேப்பம்புண்ணாக்கு என்ற கலவையும் உண்டு. இப்போது வருகிற யூரியாவெல்லாம் வேம்பு பூசியதுதானே என்று கேட்பார்கள். அந்தப் பூச்சு மிக மெல்லியது, புண்ணாக்குக் கலவை தரும் தாமதம் அதில் கிடைக்காது. இரண்டு நாளில் பெருமழை வரும் என்று வானிலை சொன்னால் யூரியா மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

மண் மாதிரி: ஆங்கில வி எழுத்துப் போல 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் மண் சுரண்டுங்கள். ஏக்கருக்கு 10 முதல் 15 இடம். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். கலந்து கால் பங்காகக் குறைத்துக்கொண்டே வந்து அரை கிலோ அனுப்புங்கள். மணிச்சத்து எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் காட்டினால் அது ‘அதிகம்’ என்ற வகை, டிஏபியைத் தயங்காமல் குறைக்கலாம். பல வருடம் டிஏபி போட்ட களிமண்ணில் இப்படி வருவது சாதாரணம். குளம் பச்சையாவதில் யூரியாவைப் போலவே மணிச்சத்துக்கும் பங்கு உண்டு.

---

வயற்சிலந்தி:

புகையான் கேள்விக்கு நேரடியான பதில்: ஆம், தொடர்பு உண்டு. ஒன்றல்ல, மூன்று.

தழைச்சத்து மிஞ்சினால் பயிர்ச்சாற்றில் அமினோ அமிலம் கூடும். புகையான் வாழ்வது அந்தச் சாற்றில்தான், நன்றாகத் தின்ற பெண் பூச்சி அதிக முட்டை இடும். இரண்டாவது, கரும்பச்சைப் பயிர் அடித்தூரை மூடிவிடும். வெயிலும் காற்றும் இறங்காத ஈரமான அடித்தண்டு அதற்கு உகந்த இடம். மூன்றாவது நீங்களே போடுகிற மருந்து, இதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

நட்ட 35ஆம் நாள் அடிக்கும் லாம்ப்டா சைஹலோத்ரின் பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிமருந்து வகை. ஓநாய்ச் சிலந்தியும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் அதில் அடியோடு போய்விடும். மிரிட் பூச்சி புகையான் முட்டையைத் தேடி உறிஞ்சுவது, சிலந்தி குஞ்சுகளையும் வளர்ந்தவற்றையும் பிடிப்பது. புகையான் முட்டையோ இலையுறைக்குள் செருகப்பட்டிருக்கும், மருந்து அங்கே எட்டாது. ஒரு வாரம், ஒன்பது நாளில் குஞ்சு பொரித்து வெளியே வரும்போது எதிரியே இல்லாத வயல். கார்த்திகையில் வட்டம் வட்டமாகக் கருகுவதற்கான வித்து புரட்டாசி, ஐப்பசித் தெளிப்பிலேயே விழுந்துவிடுகிறது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், குயினால்பாஸ் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

நட்ட 40 நாள் வரை இலைச்சுருட்டுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படுவதில்லை. அந்த வயதில் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீத இலை சேதம், கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) வந்தபின் 5 சதவீதம், அதைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். அதுவரை டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் அட்டை போதும். தண்டுத் துளைப்பானுக்கு அதில் ஜப்பானிகம் வகை நட்ட 30, 37ஆம் நாட்களில், இலைச்சுருட்டுக்குக் கைலோனிஸ் வகை 37, 44, 51ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 2 சிசி (கன செ.மீ.). அட்டையைத் துண்டாக்கி மாலையில் இலையின் அடிப்பக்கம் கட்டுங்கள். கட்டிய வாரத்தில் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது, அடித்தால் அட்டைக்குக் கொடுத்த காசு தண்டம்.

முதல் யூரியாவோடு கலக்கும் குருணையை முதலில் நிறுத்துங்கள். பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் போடுவது அது. ஃபிப்ரோனில் மீனுக்கும் இறாலுக்கும் தேனீக்கும் கடும் நஞ்சு, உங்கள் வடிகாலோ குளத்துக்குப் போகிறது.

நடும்போதே 20க்கு 15 செ.மீ. இடைவெளியும், எட்டடிக்கு ஒரு முறை ஓர் அடிப் பட்டமும் (நடாமல் விடும் நடைபாதை) விடுங்கள், பட்டம் கிழக்கு மேற்காக ஓடட்டும். காற்று இறங்கும், பின்னால் மருந்தடிக்க வேண்டி வந்தாலும் அந்த வழியாக நடந்து அடித்தூரில் பாய்ச்சலாம். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றினால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும்.

---

பாமணிக்கரை:

களிமண் சாருக்கும் வயற்சிலந்திக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். யூரியாவைக் குறைத்தபின் பயிர் வெளுத்துப்போனால் பக்கத்து வயலைப் பார்த்து மனசு கேட்காது. உண்மையில் பசித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புகையான் எந்த அளவு தாண்டினால் மருந்து, என்ன மருந்து?

---

களிமண்:

அதற்குத்தான் இலை வண்ண அட்டை இருக்கிறது, இலையின் பச்சையை எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடுவது அது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, கதிர் வெளிவரும்வரை பாருங்கள். வயலில் பரவலாகப் பத்துக் குத்து (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து). ஒவ்வொன்றிலும் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வைக்க வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள், சூரியனுக்கு முதுகு காட்டி உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. பத்தில் ஆறோ அதற்கு மேலோ 4ஆம் எண்ணுக்குக் கீழே போனால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னியாக இருந்தால் எல்லை 3. சம்பாவில் ஒரு முறைக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 12 கிலோ, அதாவது யூரியா 26 கிலோ. உங்கள் குறுவைக்கு 14 கிலோ, யூரியா 30 கிலோ. அட்டை வழியில் போனால் நான் முன்பு சொன்ன 33 கிலோ நாள் கணக்கை விட்டுவிடுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஆரோக்கியமான பயிரின் நிறம் நடுப்பச்சை. கரும்பச்சை என்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது என்றுதான் பொருள். வெளுப்பு எல்லாமே தழைச்சத்துக் குறையும் அல்ல. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடி இலையில் துருப்புள்ளி, நடு நரம்பு வெளுப்பு என்றால் துத்தநாகம் போதவில்லை. அதற்கு யூரியா கொட்டினால் ஒன்றும் ஆகாது. ஏக்கருக்குத் துத்தநாக சல்பேட் 10 கிலோவை 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் வயலின் மேல் தூவுவது வழக்கம், டிஏபியோடு கலக்கக் கூடாது.

---

வயற்சிலந்தி:

மூலைவிட்டமாக நடந்து 20 குத்துக்களை அடியில் விரித்துப் பாருங்கள், தண்டைத் தட்டினால் பூச்சி நீரில் விழும். தூருக்கு (குத்திலுள்ள ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் என்பதுதான் எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி தென்பட்டால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். 15 தூர் உள்ள குத்தில் 10 பூச்சி பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்ததும் வாரம் இருமுறை பாருங்கள். மூட்டமும் இடைவெளி விட்டுத் தூறலுமாக இருக்கும் நாட்களில்தான் ஏறும்.

எல்லையை நெருங்கும்போது முதல் வேலை தண்ணீரை வடிப்பது. வடிய வழி இருந்தால் மூன்று நான்கு நாள் காயவிட்டாலே பெருக்கம் மட்டுப்படும். ஆரம்ப நிலையில் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்: 10 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் பைமெட்ரோசின் 50 டபிள்யூஜி ஏக்கருக்கு 120 கிராம், அல்லது டிரைஃப்ளூமெசோபைரிம் 10 எஸ்சி 94 மில்லி, 200 லிட்டர் நீரில். இரண்டில் ஒன்று. மறுமுறை தேவைப்பட்டால் அதே மருந்தைத் தொடாமல் மற்றதற்கு மாறுங்கள். இமிடாகுளோபிரிடுக்குப் புகையான் பல இடங்களில் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதற்குக் காரணமே ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததுதான். கைத்தெளிப்பானின் முனை அடித்தண்டை நோக்கி இருக்க வேண்டும். மேலே இலையை நனைத்தால் காசும் போகும், சிலந்தியும் போகும், புகையான் இருந்த இடத்திலேயே இருக்கும்.

---

வடிகால்:

தண்ணீர்ப் பக்கம் நான் சொல்கிறேன்.

கிணறு: கனத்த களிமண் நெல் வயலில் நைட்ரேட் கீழே இறங்குவது குறைவு. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லை, நைட்ரேட் உருவாவதே சிரமம், உருவானதும் நைட்ரஜன் வாயுவாக மாறிவிடும். வேதாரண்யம் பக்கத்து மணல் நிலம் போல இருந்தால் கதை வேறு. ஆனாலும் ஒரு முறை சோதியுங்கள். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கொதிக்கவைத்துக் குடிப்பது தீர்வல்ல, நீர் வற்றி நைட்ரேட் இன்னும் செறிவாகும். குழந்தைக்குப் பால் கரைக்க அந்த நீரை எடுக்கவே கூடாது. எல்லை தாண்டியிருந்தால் வயலைப் பார்ப்பதற்கு முன் கிணற்றருகே உள்ள மாட்டுக்கொட்டகை, கழிவறைத் தொட்டி இரண்டையும் பாருங்கள்.

உங்கள் ஊரில் கெடுதல் நடப்பது மேல்நீரில். யூரியா போட்ட ஓரிரு நாளில் மடை உடைந்து வழிவது, சேற்றோடு மணிச்சத்து போவது. குளத்தில் பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே ஆக்சிஜனை எடுக்கும். விடியும் முன் அளவு அடிமட்டத்துக்கு இறங்குவதால்தான் மீன் மேலே வருகிறது. உங்கள் குளத்தோடு இது நிற்பதும் இல்லை. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காயலில் போய் முடிகின்றன. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் இடம் அது. பைரித்ராய்டும் ஃபிப்ரோனிலும் மிகச் சிறிய அளவிலேயே இறாலைக் கொல்லக்கூடியவை.

மீத்தேன்: நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் நுண்ணுயிர்கள் மக்குப்பொருளை மீத்தேனாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெல் தண்டின் காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. இடையிடையே பலமுறை காயவிட்டால், எப்போதும் நீர் கட்டிய வயலோடு ஒப்பிடும்போது மீத்தேன் ஏறத்தாழப் பாதி என்பது ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) கணக்கீட்டில் பயன்படும் விகிதம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் தாழ்ந்த வயலைக் காயவைக்க முடியாது, முயலவும் வேண்டாம். உங்கள் போர்வெல் ஏக்கரில் குறுவைக்குச் செய்யுங்கள். சம்பாவில் புரட்டாசியில் மழைக்கு முன் ஒன்றிரண்டு முறையும், மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலும் முடிந்தால் போதும்.

குறுவைக்கு வயல்நீர்க் குழாய் இப்படி: 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டம் உள்ள பிவிசி குழாய். கீழ்ப்பாதி 15 செ.மீ.க்குச் சுற்றிலும் 5 மி.மீ. துளைகள், இரண்டு செ.மீ.க்கு ஒன்று. துளைப்பகுதி முழுவதும் மண்ணுக்குள் போகுமாறு இறக்கி, உள்ளே உள்ள மண்ணை அடிவரை தோண்டி எடுத்துவிடுங்கள். வரப்பிலிருந்து எட்டும் தூரத்தில், ஆனால் வயலின் சராசரி மட்டத்தில் இருக்க வேண்டும். மேட்டில் வைத்தால் தேவைக்கு முன்பே பாய்ச்சுவீர்கள், பள்ளத்தில் வைத்தால் மேடு வெடித்துவிடும். நட்ட 10, 15 நாளுக்குப் பின் தொடங்கி, குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடாதீர்கள், பதர் விழும். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் களையால். காயவிட்டால் களை முளைக்கும், ஆகவே முதல் இரண்டு வாரம் வயலில் நீர் தேக்கிக் கோனோவீடர் (உருட்டிக் களையெடுக்கும் கருவி) ஓட்டியபின் தொடங்குங்கள்.

---

தொழுவுரம்:

இவ்வளவு கணக்குக்கு ஒரே பதில் யூரியாவை முழுதாக நிறுத்துவதுதான். பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் போதுமே? அதோடு, காயவிட்டு நனைத்தால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும், அது மீத்தேனைவிடக் கொடியது என்கிறார்களே?

---

வடிகால்:

ஐயா, நைட்ரஸ் ஆக்சைடு பற்றி நீங்கள் சொல்வது சரி. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பம் பிடிக்கும், மீத்தேன் சுமார் 27 மடங்கு. ஆனால் அது கிளம்புவது காய்ந்த மண்ணில் மிஞ்சிய தழைச்சத்திலிருந்து. யூரியா அளவோடு இருந்து, காய்ச்சலின் முடிவில், நீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன் போட்டால் அந்த இழப்பு சிறியது, மீத்தேன் குறைவது அதைவிடப் பெரியது. நான்கு மூட்டை யூரியாவோடு காய்ச்சலும் பாய்ச்சலும் செய்தால்தான் நீங்கள் அஞ்சுவது நடக்கும்.

தக்கைப்பூண்டு நல்லது. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45 நாளில் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். ஏக்கருக்கு இரண்டரை டன் தழை மண்ணில் சேர்ந்தால் 15 கிலோ அளவுக்குத் தழைச்சத்து, அதாவது ஒரு யூரியா தவணை மிச்சம். ஒரே பருவத்தில் 60 கிலோவையும் அதை நம்பி விட்டால் விளைச்சல் விழும். பச்சைத்தழையை உழுது உடனே நீர் தேக்கினால் மீத்தேனும் கூடும். உழுதபின் ஒரு வாரமாவது ஈரப்பதத்தில் மக்கவிட்டு அப்புறம் சேறடியுங்கள். எரு போடுவதானால் பச்சைச் சாணத்தைவிட நன்கு மக்கியது மீத்தேன் குறைவாக விடும்.

நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலா பற்றியும் ஒரு வார்த்தை. நட்ட சில நாளில் ஏக்கருக்கு 400 கிலோ விட்டு, நீர்ப்பரப்பை மூடியபின் களையெடுக்கும்போது மிதித்துவிடுங்கள். தழைச்சத்து தருவதோடு நீரில் வெயில் விழாமல் மறைத்துப் பாசியை அடக்கும், அம்மோனியா இழப்பும் குறையும்.

---

பாமணிக்கரை:

ஐயா, கடைசியாக ஒன்று. புகையானுக்கு முதலில் நீரை வடிக்கச் சொல்கிறீர்கள், குளத்துக்கு வடிகால் போகக் கூடாது என்றும் சொல்கிறீர்கள். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

---

வடிகால்:

வரிசையில்தான் இருக்கிறது. மருந்துக்கு முன்னால் வடியுங்கள், மருந்துக்குப் பின்னால் ஒரு வாரம் மடையைத் திறக்காதீர்கள். யூரியாவுக்கும் அதே விதி. வடிக்கிற நீர் கடைசி உரம் போட்டுப் பத்து நாளாவது ஆனதாக இருக்கட்டும். வரப்பை 20 செ.மீ. உயரத்துக்கு அணைத்து எலி வளைகளை அடைத்துவிட்டால் சாதாரண மழைநீர் வயலிலேயே நிற்கும்.

குளத்துக்குள் போகும் வாயில் பத்தடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு படிவுக்குழி வெட்டி, அதன் கரையில் வெட்டிவேர் வரிசை நடுங்கள். சேற்றோடு வரும் மணிச்சத்தில் ஒரு பகுதி அங்கே தங்கும். கரைந்து வரும் யூரியாவை அது நிறுத்தாது. வருடா வருடம் வாராவிட்டால் குழி மேவிவிடும். தெளிப்பானைக் குளத்தில் கழுவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதை ஊரில் கண்டித்து நிறுத்த வேண்டும். கழுவிய நீரை மருந்தடித்த வயலுக்குள்ளேயே தெளித்துவிடுங்கள்.

உரம் வருவது நின்றாலும் குளம் உடனே தெளியாது. அடிச்சேற்றில் படிந்த மணிச்சத்து சில வருடம் பாசிக்குத் தீனி போடும். கோடையில் நீர் வற்றும்போது அனுமதி வாங்கி வண்டலை வெட்டி வயலில் பரப்புங்கள், அந்த வருடம் டிஏபியை அதற்கேற்பக் குறைக்கலாம். ஆகாயத்தாமரையை மருந்தடித்துக் கொல்ல வேண்டாம். அழுகி ஆக்சிஜனைத் தின்று மிச்ச மீனையும் கொன்றுவிடும். பூக்கும் முன் வாரிக் கரையேற்றி, சாணத்தோடு அடுக்கி மக்கவிடுங்கள்.